மணல் மலையேறும் வண்டிக்கு எந்தக் கியர் பெட்டி?



வளைகுடா நாடுகளில் பொருளீட்டச் சென்றிருக்கும் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் வீட்டுக்கு அனுப்பும் படங்களில் ஒரு விந்தையான வண்டியை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். அதற்குக் கதவு இல்லை, கூரை இல்லை, முகப்புக் கண்ணாடியும் இல்லை. இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு கூடு, அதனுள் இரண்டு அல்லது நான்கு இருக்கைகள், பின்புறம் திறந்தபடி நிற்கும் ஓர் என்ஜின், படகுத் துடுப்புகளை வரிசையாக ஒட்டவைத்தாற் போன்ற பருத்த பின்சக்கரங்கள். விடுமுறை நாளில் பாலைவன மணல் மேடுகளில் ஏறி இறங்குவதற்கென்றே அமைந்த வண்டி அது. வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்புவோர் உண்டு. சேமித்த பணத்தைக் கொண்டு பழைய வண்டியொன்றை வாங்கித் தாமே செப்பனிட விரும்பும் இளைஞர்களும் உண்டு.

அத்தகைய இளைஞரிடம் வண்டியின் சிறப்பு என்னவென்று வினவுங்கள். என்ஜினின் குதிரைத்திறனைத்தான் அவர் முதலில் கூறுவார். அந்தத் திறனைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் கியர் பெட்டி எது, அது எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று தொடர்ந்து கேளுங்கள். பலர் சற்றே தயங்குவர். ஆனால் நடு மணலில் வண்டி நின்றுவிடுவதும், ஊதியத்தை விழுங்கும் செலவு வருவதும், மேட்டின் பாதியில் வண்டி சாய்ந்து உருள்வதும் பல வேளைகளில் அந்தப் பெட்டியோடு தொடர்புடையவை. ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வண்டி பிறந்த கதை

பாலைவனத்தில் ஓடுவதால் இவ்வண்டி அரபு மண்ணில் பிறந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அதன் தாயகம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். அங்கே பசிபிக் கடலோரத்திலும், மெக்சிகோ எல்லையை ஒட்டிய தென்கிழக்குப் பகுதியிலும் பெரும் மணற்பரப்புகள் உள்ளன. எல்லையோரத்து இம்பீரியல் மணல்மேடுகள் அறுபது கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடப்பவை. சில மேடுகள் ஏறத்தாழ 90 மீட்டர் உயரம் கொண்டவை.

1964ஆம் ஆண்டு நியூபோர்ட் பீச் நகரில் படகு கட்டும் தொழிலறிந்த புரூஸ் மேயர்ஸ் என்பவர், கண்ணாடி இழையால் ஓர் இலகுவான உடலைச் செய்து, அதற்கு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் உறுப்புகளைப் பொருத்தினார். 'மேயர்ஸ் மேங்க்ஸ்' என்பது அதன் பெயர். 1967இல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் நடைபெற்ற முதல் 'மெக்சிகன் 1000' பந்தயத்தில் மேங்க்ஸ் வண்டியே முதலிடம் பெற்றது. அதன்பின் அவ்வடிவத்தைப் பார்த்து வண்டி செய்தவர்கள் ஏராளம். கண்ணாடி இழை உடலையும் நீக்கிவிட்டு வெறும் குழாய்க் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டபோது இன்றைய மணல் வண்டி உருவாயிற்று. மேயர்ஸ் 2021இல் தமது 94ஆம் வயதில் மறைந்தார்.

எத்தனையோ கார்கள் இருக்க, பீட்டில் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? முதலாவதாக, அதன் என்ஜின் பின்னால் இருக்கிறது. ஆகையால் பாரத்தின் பெரும்பகுதி உந்தும் சக்கரங்களின் மீது விழுகிறது. முன்பக்கம் இலேசாக இருப்பதால் முன்சக்கரம் மணலைத் தோண்டிப் புதைவதில்லை. இரண்டாவதாக, அது காற்றால் குளிரும் என்ஜின்; ரேடியேட்டர் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மூன்றாவதுதான் நம் பொருளுக்கு முக்கியமானது. பீட்டிலில் கியர் பெட்டியும், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்தளிக்கும் டிஃப்ரன்ஷியலும் ஒரே உலோகக் கூட்டினுள் அடங்கியுள்ளன. இத்தகைய கூட்டுப் பெட்டியை 'டிரான்ஸ்ஆக்சில்' என்பர். அதைக் கழற்றிக் குழாய்க் கூட்டில் மாட்டினால் வண்டியின் பின்பாதி முடிந்துவிடும். 2003இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை இரண்டு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள் செய்யப்பட்டதால், உதிரி உறுப்புகளுக்கும் பஞ்சமில்லை.

மணல் கேட்கும் விலை

கடற்கரை மணலில் மிதிவண்டியை உருட்டிச் சென்றவர்களுக்கு மணலின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. சாலையில் ஒரு விரலால் உருளும் வண்டி, மணலில் இரு கைகளாலும் தள்ளினால்தான் நகரும். ஒரு டன் எடையுள்ள காரைச் சமமான தார்ச்சாலையில் உருட்டிச் செல்ல 10 முதல் 15 கிலோ எடைக்கு நிகரான விசை போதும். இளகிய மணலில் அதே காருக்கு 200 முதல் 300 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். ஏறத்தாழ இருபது மடங்கு!

இதிலிருந்து பிறக்கும் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். சாலையில் கியர் மாற்றுவதற்காகக் கிளட்சை மிதிக்கும்போது கார் தன் போக்கில் உருண்டுகொண்டே இருக்கும். மணலில் அப்படியில்லை. என்ஜினின் பிடி விட்ட கணத்திலேயே மணல் வண்டியைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கிவிடும். கணக்கிட்டுப் பார்த்தால், சமமான இளகிய மணலில் ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 10 கிலோமீட்டர் வேகம் குறைகிறது. 20 பாகைச் சரிவில் ஏறும்போது ஒரு விநாடியில் குறைவது 20 கிலோமீட்டருக்கும் மேல். அரை விநாடி எடுத்துக்கொண்டு கியர் மாற்றினாலும் மேட்டின் நடுவில் பத்துக் கிலோமீட்டர் வேகம் போய்விடும். மணலில் வேகமே ஏணி; ஏணி சறுக்கினால் உச்சி கிட்டாது.

ஆகவே மணல் வண்டியின் கியர் பெட்டிக்கு மூன்று குணங்கள் வேண்டும். என்ஜினின் முறுக்குவிசையைத் தாங்கும் வலிமை முதலாவது. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வேகத்தை இழக்கவிடாத பல் விகிதம் இரண்டாவது. விரைந்தும் ஐயமின்றியும் கியர் விழுவது மூன்றாவது. இம்மூன்றையும் ஒருங்கே நோக்காமல், கிடைத்த பெட்டியை மாட்டிக்கொள்வதிலிருந்தே துன்பம் தொடங்குகிறது.

பீட்டில் பெட்டியின் பலமும் பலவீனமும்

பழைய பீட்டில் பெட்டியில் முன்னோக்கி நான்கு கியர்கள் உண்டு. அவற்றின் விகிதங்கள் முறையே 3.80, 2.06, 1.32, 0.89. இறுதியாக உள்ள கிரவுன் பினியனின் விகிதம் 4.375. அதாவது முதல் கியரில் என்ஜின் சுமார் 16 முறைக்கு மேல் சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். நான்காம் கியரில் நான்கு முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினாலே போதும்.

சாலைக்கு இது பொருத்தமான ஏற்பாடு. மணலில் என்ன நிகழ்கிறது? மூன்றாம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும்போது நான்காவதற்கு மாற்றினால், சுற்று 2700 அளவுக்கு வீழ்ந்துவிடும். அந்தத் தாழ்ந்த சுற்றில் சிறிய என்ஜினுக்கு மணலை எதிர்க்கும் தெம்பு இருக்காது. மீண்டும் மூன்றுக்கே வர வேண்டும். அதனால்தான் மணல் வண்டி கட்டுவோர் நான்காம் கியரை மட்டும் எடுத்துவிட்டு, 1.04 போன்ற விகிதமுள்ள பற்சக்கரத்தைப் போடுகின்றனர். அப்போது சுற்று 3150 அளவிலேயே நிற்கும், என்ஜின் திணறாது. உச்ச வேகம் குறையும் என்பது உண்மையே. ஆனால் மணல் மேட்டில் உச்ச வேகத்துக்கு என்ன தேவை வந்தது?

சக்கரத்தின் அளவையும் இங்கே மறந்துவிடலாகாது. பீட்டிலின் சொந்தச் சக்கரம் சுமார் 64 சென்டிமீட்டர் விட்டம் உடையது. மணலுக்கென 76 சென்டிமீட்டர் சக்கரம் மாட்டினால், ஒரு சுற்றில் வண்டி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் தொலைவு செல்லும். எல்லாக் கியர்களும் அந்த அளவுக்கு வேகக் கியர்களாக மாறிவிடும், இழுவை குறைந்துவிடும். "பெரிய சக்கரம் மாட்டினேன், வண்டி முன்போல் ஏறவில்லை" என்று வருந்துவோருக்கு விடை இதிலேயே இருக்கிறது.

இனி வலிமை. பீட்டிலின் 1600 சிசி என்ஜின் தந்தது சுமார் 50 குதிரைத்திறன். அந்த அளவுக்கென அமைந்த பெட்டியில் மும்மடங்குத் திறனைச் செலுத்தினால் எங்கே உடையும்? பெரும்பாலும் கிரவுன் பினியனில் உடையும். பினியன் தன் முழு பலத்தோடு கிரவுன் சக்கரத்தைத் தள்ளும்போது, அச்சக்கரம் பக்கவாட்டில் விலகப் பார்க்கிறது. அதைத் தாங்கி நிற்பது கூட்டின் பக்க மூடி. மூடி சற்றே வளைந்தாலும் பற்கள் முழுமையாகப் பொருந்தாமல் நுனியில் மட்டும் உராய்ந்து உதிர்ந்துவிடும். எனவேதான் கனத்த பக்க மூடி முதல் சீர்திருத்தமாகக் கருதப்படுகிறது. டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் இரண்டு சிறு பற்சக்கரங்களுக்குப் பதிலாக நான்கு கொண்டதை வைப்பது அடுத்த சீர்திருத்தம். பாரம் நான்காகப் பங்கிடப்படுவதால் பற்கள் பிழைத்துக்கொள்ளும்.

ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சக்கரம் மணலில் சுழன்று வழுக்கும்போது கியர் பெட்டிக்குப் பெரிய ஆபத்து இல்லை. வழுக்கிய சக்கரம் திடீரெனப் பிடித்துக்கொள்ளும்போதுதான் ஆபத்து. மேட்டின் உச்சியிலிருந்து வண்டி காற்றில் தாவுகிறது. ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. சக்கரங்கள் அந்தரத்தில் வெறி கொண்டு சுழல்கின்றன. மறுகணம் தரையைத் தொட்டு ஒரேயடியாக வேகம் குன்றுகின்றன. சுழன்றுகொண்டிருந்த என்ஜினின் வேகம் அத்தனையும் அந்த ஒரு கணத்தில் பற்களின் மீது இறங்குகிறது. துடுப்புச் சக்கரங்கள் மணலை நன்கு பற்றுவன. ஆகவே அடியும் பலமாகவே விழும். எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியும் இத்தகைய ஓட்டத்தை நெடுநாள் பொறுக்காது.

அடுத்த படிகள்

இரண்டு பேர் மட்டும் செல்லும் இலகுவான வண்டி, சொந்த 1600 சிசி என்ஜின் அல்லது அதைவிடச் சற்றே பெரியது என்றால், மேற்கூறிய சீர்திருத்தங்கள் செய்த பீட்டில் பெட்டியே போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

நான்கு பேர் செல்லும் வண்டி, அல்லது நூறு குதிரைத்திறனைத் தாண்டிய சுபாரு போன்ற என்ஜின் என்றால், ஃபோக்ஸ்வேகன் வேனின் பெட்டியை நாடுவர். பயணிகளையும் சரக்கையும் சுமக்கும் வேனுக்கென அமைந்ததால் அதன் கூடு கனமானது, பற்சக்கரங்களும் பெரியவை. 1968 முதல் வந்த '002' வகை, 1976 முதல் வந்த '091' வகை என இரண்டு உண்டு. பின்னதன் கிரவுன் சக்கரம் பெரிது. எனவே மணல் வண்டிக்காரர்கள் அதையே விரும்புகின்றனர். கூட்டின் முன்பகுதியில் ஓடும் விலா எலும்பு போன்ற வரிகளை எண்ணியே இரண்டையும் வேறுபடுத்திவிடுவர்: முன்னதற்கு மூன்று, பின்னதற்கு ஆறு. உள்ளே வலுப்படுத்தினால் இருநூறு குதிரைத்திறனை நெருங்கும் வரை இது துணை நிற்கும்.

அதற்கும் மேலே போனால் போர்ஷே வருகிறது. 1975இல் வெளியான போர்ஷே 911 டர்போ காருக்கென '930' என்ற நான்கு கியர் பெட்டி செய்யப்பட்டது. அக்காரின் திறன் 260 குதிரைத்திறனில் தொடங்கியது. கியர்கள் நான்கே என்பதால் ஒவ்வொன்றையும் அகலமாகவும் தடிப்பாகவும் அமைக்க முடிந்தது. போர்ஷே 911 காரிலும் என்ஜின் பின் அச்சுக்குப் பின்னாலேயே இருப்பதால், மணல் வண்டியில் அதைத் திருப்பாமல் அப்படியே பொருத்தலாம். பழைய கார்களைச் சேகரிப்போர் இப்பெட்டிகளைத் தேடுவதால் இன்று அவற்றின் விலை எளியவர்க்கு எட்டாது.

திருப்புவது என்று சொன்னதும் ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். என்ஜினை அச்சுக்கு முன்னால் வைக்க விரும்பி, பீட்டில் பெட்டியை முன்பின்னாகத் திருப்பி மாட்டுவோர் உண்டு. உள்ளே இருக்கும் கிரவுன் சக்கரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்ற மறந்துவிட்டால், அந்த வண்டிக்கு முன்னோக்கி ஒரு கியரும் பின்னோக்கி நான்கு கியர்களும் கிடைக்கும்! முன்சக்கர ஓட்டமுள்ள காரின் பெட்டியைப் பின்னால் மாட்டும்போதும் இதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. மாட்டிய பின் கேட்பதில் பயனில்லை.

இன்று பெரிய மணல் வண்டிகளில் ஷெவர்லே கொர்வெட் காரின் வி-8 என்ஜின்கள் இடம்பெறுகின்றன. 2006இல் வந்த எல்எஸ்-7 என்ஜின் மட்டும் 7 லிட்டர் கொள்ளளவும் 505 குதிரைத்திறனும் உடையது. பீட்டிலைப் போல் பத்து மடங்கு! இதற்கெனவே பெட்டி செய்யும் நிறுவனங்கள் தோன்றிவிட்டன. கலிஃபோர்னியாவில் வெட்டில், ஃபோர்ட்டின், ஆஸ்திரேலியாவில் ஆல்பின்ஸ் ஆகியன அவற்றுள் சில. இவற்றில் 'சீக்வென்ஷியல்' என்னும் வகை உண்டு. மோட்டார் சைக்கிளில் போல நெம்புகோலை ஒரே திசையில் தட்டினால் கியர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். கியரைத் தேடித் துழாவ வேண்டியதில்லை. மாற்றும் நேரமும் மிகக் குறைவு. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடைபெற்றுவரும் டக்கார் பந்தயத்தின் முன்னணிக் கார்களிலும் இவ்வகைப் பெட்டிகளே உள்ளன. ஆனால் அவை பந்தயக் குழுக்களின் பணப்பையை நம்பிச் செய்யப்பட்டவை என்பதை மாதச் சம்பளக்காரர் மறந்துவிடக் கூடாது.

கிளட்ச் இல்லாத பெட்டிகள்

இத்தனை தொல்லை எதற்கு, தானாகவே கியர் மாறும் ஆட்டோமேட்டிக் பெட்டியை வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வளைகுடாவில் லேண்ட் க்ரூஸர், பேட்ரோல் போன்ற ஜீப் வண்டிகளில் பாலைக்குச் செல்வோர் ஆட்டோமேட்டிக்கையே விரும்புவதற்குக் காரணமும் உண்டு. அதில் கிளட்சுக்குப் பதிலாக 'டார்க் கன்வெர்ட்டர்' என்னும் உறுப்பு, எண்ணெயின் ஓட்டத்தால் விசையைக் கடத்துகிறது. வண்டி புறப்படும் நிலையில் அது என்ஜினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தரும். கியர் மாறும்போதும் உந்துவிசை அறுபடுவதில்லை. ஆகவே முன்னே சொன்ன வேக இழப்பு இதில் இல்லை எனலாம்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அது வெப்பம். மணலில் வண்டி திணறும்போது எண்ணெய் கலங்கிக் கொதிக்கிறது. எண்ணெய் கெட்டால் உள்ளிருக்கும் தகடுகள் எரியும். எனவே மின்விசிறியோடு கூடிய தனிக் குளிர்விப்பானும் வெப்பமானியும் கட்டாயம். மேலும் பழைய அமெரிக்க ஆட்டோமேட்டிக் பெட்டிகள் முன்னால் என்ஜினும் பின்னால் அச்சும் உள்ள கார்களுக்கானவை. டிஃப்ரன்ஷியல் அவற்றுள் இல்லை. பின்புற என்ஜின் கொண்ட சிறு வண்டியில் அவற்றை அடக்குவது எளிதன்று. 1973 வரை உற்பத்தியான ஷெவர்லேயின் 'பவர்கிளைட்' இரண்டே கியர்கள் உடையது. மணலில் நேர்கோட்டில் நூறு கஜம் பாயும் பந்தயங்களில் அது பெயர் பெற்றது. எந்நாளும் மேடுபள்ளம் ஏறியிறங்குவதற்கு ஆன பெட்டி அதுவன்று.

வாடகைக்குக் கிடைக்கும் புதிய சிறு வண்டிகள் பலவற்றில் கியர்களே இல்லை. 2007இல் போலாரிஸ் நிறுவனம் அறிமுகம் செய்த ஆர்.இசட்.ஆர். போன்றவற்றில், விரிந்து சுருங்கும் இரு கப்பிகளுக்கிடையே ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. ஓட்டுவதற்கு மிக எளிது, புதியவருக்கும் உகந்தது. ஆனால் கடும் ஏற்றத்தில் பெல்ட் வழுக்கிச் சூடேறி அறுந்துபோகும். ஆகவே வேகம் குறைந்த மணலில் 'லோ' நிலையில் ஓட்டுவதும், மாற்றுப் பெல்ட் ஒன்றை அதற்குரிய கருவியோடு வண்டியிலேயே வைத்திருப்பதும் அறிவுடைமை. பெல்ட்டை விரும்பாதவர்களுக்காக யமஹா 2015இல் ஐந்து கியர் சீக்வென்ஷியல் வண்டியைக் கொண்டுவந்தது. ஹோண்டாவின் 'டேலன்' வண்டி இரட்டைக் கிளட்ச் கொண்ட ஆறு கியர் பெட்டியோடு பின்னர் வந்தது.

உயிர் காக்கும் கியர்

எந்தப் பெட்டியானாலும், விளம்பரத்தில் யாரும் புகழாத ஒரு கியர் உண்டு. அது பின்னோக்கிச் செல்லும் ரிவர்ஸ் கியர். மணல் வண்டியில் அதுவே உயிர்க் கியர்.

மேட்டில் ஏறும் வண்டி உச்சியை எட்டாமல் நடுவில் நின்றுவிட்டால், என்ன செய்ய வேண்டும்? வண்டியைப் பக்கவாட்டில் திருப்பிக் கீழே வர முயல்வதே புதியவர்கள் செய்யும் காரியம். சரிவில் குறுக்காக நிற்கும் வண்டியின் கீழ்ப்பக்கச் சக்கரம் மணலில் புதையும். வண்டி சாய்ந்து உருளும். பட்டறிவுடையோர் அப்படிச் செய்வதில்லை. வேகம் அறவே போகுமுன் ரிவர்ஸ் கியரைப் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்கிவிடுவர். அந்த வேளையில் கியர் விழாமல் கரகரவென்று ஒலித்தால், அல்லது விழுந்தும் நழுவினால், என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் என்ஜின் பொருத்திய சில சிறு வண்டிகளில் ரிவர்ஸ் கியரே இருப்பதில்லை. தனியாக ஒரு ரிவர்ஸ் பெட்டி மாட்டாமல் அத்தகைய வண்டியை மேடுகளுக்குக் கொண்டு செல்லலாகாது.

இறக்கத்திலும் கியரே காவல். மேட்டின் மறுபுறம் இறங்கும்போது நேராகவும், தாழ்ந்த கியரிலும் இறங்க வேண்டும். என்ஜினின் இழுப்பே வேகத்தை அடக்கும். பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் புதைந்து, பின்பாகம் பக்கவாட்டில் திரும்பும்.

பழைய பெட்டி வாங்குவோர் கவனத்துக்கு

புதிய பெட்டி வாங்க இயலாதவர்கள் பழையதையே நாடுவர். அதில் தவறில்லை, பார்த்து வாங்க வேண்டும்.

பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய் வடிகால் திருகைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபோக்ஸ்வேகன் பெட்டிகளில் அத்திருகின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மைபோன்ற பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். உலோகத் துணுக்குகளோ பல்லின் சில்லுகளோ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். ஓட்டிப் பார்க்க வாய்ப்பிருந்தால், ஒவ்வொரு கியரிலும் வேகமெடுத்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடுங்கள். கியர் தானாக நழுவி வெளியே வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். நின்ற நிலையில் ரிவர்ஸ் கியரைப் பத்து முறையேனும் போட்டு எடுங்கள். பெட்டியின் காற்றுத் துளை மணல் புகாதவாறு குழாய் வைத்து உயர்த்தப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். சூடான பெட்டி குளிரும்போது அத்துளை வழியே காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு தூசும் போனால் தாங்கு உருளைகள் அரைபட்டுவிடும்.

முதலில் எது?

வாசகர்களே! இவ்வளவையும் சொன்னபின், தேர்வு எங்கே தொடங்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை எவ்வளவு? என்ஜினின் முறுக்குவிசை எவ்வளவு? சக்கரத்தின் விட்டம் என்ன? ஏறப்போவது சிறு மேடுகளா, பெரும் மேடுகளா? இந்த நான்கு விடைகளும் கைக்கு வந்தபின் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பின்னாளில் பெரிய என்ஜின் மாட்டும் எண்ணம் இருந்தால், அந்த என்ஜினுக்கு ஏற்ற பெட்டியை இப்போதே வாங்குங்கள். என்ஜினை முதலில் வாங்கியவர் கியர் பெட்டியை இரண்டு முறை வாங்குவார். பெட்டியை முதலில் வாங்கியவர் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வார்.

சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்ததோ அதுவே அறும். பெட்டியை வலுப்படுத்தினால் அடுத்த மெலிந்த கண்ணி அச்சின் மூட்டுகளுக்கு நகரும். அதையும் வலுப்படுத்தினால் கிளட்சுக்கு நகரும். ஆகவே ஒன்றை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை. எல்லாம் ஒத்த வலிமையோடு அமைந்த ஐம்பது குதிரைத்திறன் வண்டி மாலையில் தானாக ஓடி வீடு திரும்பும். பொருந்தாத பெட்டியோடு இருநூறு குதிரைத்திறன் பூட்டிய வண்டி கயிறு கட்டி இழுக்கப்பட்டு வரும்.

இதைப் படிக்கும் தாய்மார்கள், "கடல் கடந்த பாலையில் ஓடும் வண்டியைப் பற்றி நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அடுத்த முறை மகனோ தம்பியோ தொலைபேசியில் பேசும்போது, புதிதாக வண்டி வாங்கப்போவதாகச் சொன்னால், குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்காதீர்கள். "ரிவர்ஸ் கியர் உடனே விழுகிறதா? பெட்டியைத் திறந்து பார்த்தாயா? உன்னோடு இன்னொரு வண்டியும் வருகிறதா?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைக்கும் வரை, மணல் மேடு அவருக்காகக் காத்திருக்கட்டும்.